தலைக்குப் பதினேழு டாலர்!

(விவசாயத் தோழர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



எனக்கு முன்னர் பேசிய நண்பர், “அரசாங்கம் உழவனுக்குப் பணம் கொடுத்துவிட்டால் அவன் துயரம் தீர்ந்தது” என்றார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் தட்டிய கை ஓய்வதற்குள் ஒரு கேள்வி என் நெஞ்சிலே எழுந்து நின்றது. கொடுக்கட்டும், கொடுக்கத்தான் வேண்டும், யாருக்குக் கொடுப்பது? எதை அளந்து கொடுப்பது? ஏரை அளந்தா, ஏக்கரை அளந்தா? ஒருவன் இழந்ததை அளந்தா, அவனிடம் இருப்பதை அளந்தா?

இந்தக் கேள்விக்கு விடை தேட, கொடுக்க மறுக்கும் நாட்டுக்குப் போய்ப் பயனில்லை. கொடாதவனிடம் கொடுக்கும் முறையை எப்படி ஆராய்வது? ஆகவே, அள்ளி அள்ளிக் கொடுத்த நாடு ஒன்றுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். அமெரிக்க நாடு. ஆண்டு 2020. கொரோனா எனும் கொள்ளைநோய் உலகையே உலுக்கிய ஆண்டு. அவ்வாண்டிலே அமெரிக்க அரசாங்கம் பண்ணைகளுக்கு நேரடியாக வழங்கிய தொகை, எல்லாத் திட்டங்களையும் சேர்த்து, 4,500 கோடி டாலருக்கும் அதிகம். அதற்கு முன்பு எந்த ஆண்டிலும் அத்தனை பணம் கொடுக்கப்பட்டதில்லை. பண்ணைகளின் நிகர வருமானத்திலே மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானது அரசாங்கத்தின் கஜானாவிலிருந்து வந்தது. விந்தை என்னவென்றால், ஊரெல்லாம் கதவடைத்துக் கிடந்த அந்த ஆண்டிலே, நாடு முழுமைக்குமாகப் பார்த்தால், பண்ணை வருமானம் முந்திய ஆண்டைவிடக் கூடியது!

கூடியது என்றால் எல்லோருக்குமா கூடியது? அதைத்தான் பார்க்கப் போகிறோம். நாடு முழுவதையும் பார்த்தால் எண்கள் மட்டுமே தெரியும், மனிதர் தெரியமாட்டார். ஆகவே ஒரே ஒரு கவுண்டியைப் பார்ப்போம். கவுண்டி என்றால் நம் மாவட்டத்தைவிடச் சிறிய ஓர் ஆட்சிப் பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மின்னசோட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது நோபிள்ஸ் கவுண்டி. மலை இல்லை, காடு இல்லை. காற்று மட்டும் ஓயாது வீசும் சமவெளி. மக்காச்சோளம், சோயா மொச்சை; அவற்றைத் தின்று கொழுக்கும் பன்றி. மக்கள் தொகை 22,000-த்தைச் சற்றே தாண்டும். அதன் தலைநகர் வொர்திங்டன். அந்தச் சிற்றூரின் ஓரத்திலே ஓர் இறைச்சி ஆலை; பிரேசில் நாட்டு முதலாளிகளின் ஜே.பி.எஸ். நிறுவனத்துக்குச் சொந்தம். நாளொன்றுக்கு 20,000 பன்றிகளை அறுத்துத் துண்டாக்கிப் பெட்டியில் அடைத்து அனுப்பும் ஆலை. அங்கே வேலை செய்வோர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். மெக்சிகோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் லாவோசிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் அவர்களிலே மிகப் பலர். தோளோடு தோள் உரச நின்று, கையிலே கத்தி பிடித்து, ஓடும் சங்கிலியில் தொங்கிவரும் உடல்களை வெட்டுவது அவர்கள் வேலை.

பன்றியைப் பற்றிப் பேசுகிறானே என்று முகம் சுளிக்காதீர்கள், பெரியோர்களே! பசுவை வளர்ப்பவனுக்குப் பசு. பன்றியை வளர்ப்பவனுக்குப் பன்றி. அவன் கடனும் வட்டியும் நம் கடனையும் வட்டியையும் போன்றவையே.

2020 ஏப்ரலிலே, வொர்திங்டனுக்கு ஏறத்தாழ 60 மைல் தொலைவிலுள்ள சூ ஃபால்ஸ் நகரத்தில், ஸ்மித்ஃபீல்டு நிறுவனத்தின் பெரிய பன்றியிறைச்சி ஆலை நோயால் மூடப்பட்டது. ஒரு வாரம் சென்றது. ஏப்ரல் 20 அன்று வொர்திங்டன் ஆலையும் கதவைச் சாத்தியது. தோளோடு தோள் உரச நின்றவர்களை நோய் விட்டுவைக்குமா? மே மாதம் முடிவதற்குள் அந்தச் சின்னஞ்சிறு கவுண்டியிலே ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு நோய் கண்டது. நூறு பேருக்கு நால்வர், ஐவர் என்ற கணக்கு! நியூயார்க்கைப் பற்றி உலகம் பேசிக்கொண்டிருந்த நேரத்திலே, பெயரும் தெரியாத இந்தச் சோளக்காட்டு ஊர் அமெரிக்காவிலேயே மிக அதிகமாக நோய் பரவிய இடங்களில் ஒன்றாகிவிட்டது.

ஆலை நின்றது. பன்றி நிற்குமா? நெல்லைக் களஞ்சியத்திலே கொட்டி வைக்கலாம். பருத்தியைப் பொதி கட்டிப் போடலாம். பன்றி வளர்ந்துகொண்டே இருக்கும். பிறந்து ஆறு மாதத்தில் 280 பவுண்டு எடை வந்துவிடும். அந்த எடையில் அது ஆலைக்குப் போயாக வேண்டும். ஆலையின் கொக்கிகளும் கருவிகளும் அந்த அளவுக்கென்றே அமைந்தவை. அதைத் தாண்டிக் கொழுத்தால் ஆலை ஏற்காது. கொட்டிலிலும் இடம் இராது. ஏனெனில் அடுத்த தொகுதிக் குட்டிகள் வந்துகொண்டேயிருக்கின்றன. சினையான தாய்ப் பன்றியிடம், ‘நோய்க்காலம், சற்றே பொறு’ என்று சொல்ல முடியாது. மே மாதத் தொடக்கத்தில் நாடு முழுவதும் பன்றியிறைச்சி ஆலைகளின் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு முடங்கிக் கிடந்தது.

ஏப்ரல் 28 அன்று குடியரசுத் தலைவர் டிரம்ப் ஓர் ஆணை பிறப்பித்தார்: இறைச்சி ஆலைகள் நாட்டுக்கு இன்றியமையாதவை, அவை இயங்க வேண்டும் என்று. அந்த வாரத்திலேயே வொர்திங்டன் ஆலையின் கதவு சற்றே திறந்தது. எதற்குத் தெரியுமா? இறைச்சிக்கு அல்ல. ஒரு சில ஆட்களை வைத்து, வாங்குவாரற்ற பன்றிகளைக் கொன்று அப்புறப்படுத்துவதற்கு! கொன்ற உடல்களை மரச் சீவல்களோடு அடுக்கி எருவாக்கினார்கள். அதே நாட்களில், அதே நாட்டில், தானமாக உணவு வழங்கும் நிலையங்களின் வாசலிலே கார்கள் நீண்ட வரிசையில் நின்றன. கார் இருந்தது, கறி இல்லை. இங்கே கறி இருந்தது, கத்தி இல்லை.

ஆறு மாதம் தீனி போட்டு வளர்த்ததைத் தானே சுட்டுக் குழியில் தள்ளிய உழவர்களும் இருந்தார்கள். அவர்களை எள்ளி நகையாட நான் வரவில்லை. அந்த வேதனை உழவனுக்கே தெரியும்.

சரி, அரசாங்கம் என்ன செய்தது? சும்மா இருக்கவில்லை. மார்ச் 27 அன்றே பெரியதொரு நிவாரணச் சட்டம் கையொப்பமாகிவிட்டது. ஏப்ரல் 17 அன்று விவசாய அமைச்சர் சானி பெர்டூ ‘கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம்’ என்பதை அறிவித்தார். உழவர் கைக்கு நேரடியாக 1,600 கோடி டாலர். உணவுப் பொருளை வாங்கி ஏழைகளுக்கு அனுப்ப 300 கோடி டாலர். மே 26 முதல் ஒவ்வொரு கவுண்டியிலும் உள்ள பண்ணைச் சேவை அலுவலகம் மனுக்களைப் பெறத் தொடங்கியது. அலுவலகத்தின் கதவு நோய்க்கு அஞ்சிச் சாத்தியிருந்தது. தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் வேலை நடந்தது. அறிவித்து ஆறு வாரத்துக்குள் மனு! நம் ஊரில் ஒரு வெள்ள நிவாரணத்துக்கு எத்தனை முறை கணக்கெடுப்பார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்போது இந்த வேகத்தை மெச்சத்தான் வேண்டும். மெச்சுகிறேன்.

ஆனால் அந்த மனுவிலே என்ன கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். ‘உன் கடன் எவ்வளவு? உன் வீட்டில் எத்தனை பேர்? எத்தனை பன்றியைக் கொன்று புதைத்தாய்?’ — இவை அல்ல கேள்விகள். ‘ஜனவரி 15-க்கும் ஏப்ரல் 15-க்கும் இடையே எத்தனை பன்றி விற்றாய்? ஏப்ரல் 16-க்கும் மே 14-க்கும் இடையே உன் கையிருப்பு எவ்வளவு?’ — இவையே கேள்விகள். முதற்காலத்தில் விற்ற பெரிய பன்றிக்குத் தலைக்கு 18 டாலர். விற்ற குட்டிக்கு 28 டாலர். இரண்டாங்காலத்தில் கையில் இருந்த பன்றி எதுவாயினும் தலைக்கு 17 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 1,275 ரூபாய்.

தோழர்களே! அந்தத் தேதியைச் சற்றே உற்றுப் பாருங்கள். வொர்திங்டன் ஆலை மூடியது ஏப்ரல் 20. ஆலை திறந்திருந்த நாளிலே பன்றியை விற்று, விலையும் பெற்றவனுக்கு 18 டாலர். ஆலை மூடிய பிறகு விற்க வழியின்றி, விலையும் இன்றி, கொட்டில் நிறையப் பன்றியோடு நின்றவனுக்கு 17 டாலர்! ஜனவரியிலிருந்தே விலை சரிந்தது உண்மைதான், முன்னால் விற்றவனுக்கும் நட்டமே, மறுக்கவில்லை. ஆனால் குறைந்த விலைக்கு விற்றவனும், கொன்று புதைத்தவனும் ஒரே தட்டில் நிற்கிறார்களா? சந்தைக்குத் தயாரான ஒரு பன்றி சாதாரண காலத்தில் நூறு டாலரை ஒட்டி விலை போகும். அது மண்ணுக்குள் போனது. வந்தது பதினேழு.

அமெரிக்க விவசாயத் துறை இதைப் பின்னர் தானே உணர்ந்தது. எப்போது? 2021 ஜூலையில்! கொன்று அப்புறப்படுத்திய கால்நடைக்கு, முன்பு கொடுத்ததைக் கழித்துக்கொண்டு, மதிப்பில் நூற்றுக்கு 80 பங்கு தருவதாக ஒரு தனித் திட்டம் வகுத்தது. பிறகு 2021 டிசம்பரில் இன்னொன்று. ஆலையோடு ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், அன்றன்றைய சந்தையில் கிடைத்த விலைக்குப் பன்றியை விற்கும் உழவர்கள் சிலர் உண்டு. பெரும்பாலும் சிறியவர்கள். ஆலைகள் தடுமாறியபோது முதலில் ஒப்பந்தக்காரரின் பன்றியை எடுத்தன. இவர்களை வாசலில் நிறுத்தின. 2020 ஏப்ரல் 16 முதல் செப்டம்பர் 1 வரை அப்படி விற்றவர்களுக்குத் தலைக்கு 54 டாலர் என்று அறிவித்தார்கள். ஆக, முதலில் பதினேழு என்று அளந்த அதே கை, ஒன்றரை ஆண்டு கழித்து ஐம்பத்து நான்கு என்று அளந்தது. ஒன்றரை ஆண்டு வங்கி காத்திருந்ததா, வட்டி காத்திருந்ததா என்பதை உங்கள் சிந்தனைக்கே விடுகிறேன்.

“பெரிய பண்ணைக்குப் பெரிய நட்டம், ஆகவே பெரிய தொகை. இதிலென்ன குற்றம்?” என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 300 பன்றி வைத்திருந்தவனுக்கு 17 டாலர் வீதம் 5,100 டாலர்; 10,000 பன்றி வைத்திருந்தவனுக்கு 1,70,000 டாலர். நட்டமும் அதே விகிதத்தில்தானே என்பார்கள். ஆனால் இதன் பெயர் என்ன? காப்புறுதியா? காப்புறுதி என்றால் ஆளுக்கு ஆள் தவணை கட்டியிருப்பான். இது நிவாரணம்! மக்களின் வரிப்பணம். வெள்ளத்தில் குடிசை இழந்தவனுக்கு ஒரு மூட்டை அரிசி, மாளிகையில் நீர் புகுந்தவனுக்கு முப்பது மூட்டை அரிசி என்று எந்த ஊரிலாவது நிவாரணம் கொடுப்பார்களா?

உச்சவரம்பு இல்லாமல் இல்லை. ஆளுக்கு இரண்டரை இலட்சம் டாலர் என்று வரம்பு கட்டினார்கள். கட்டிய கையோடு ஒரு வாசலையும் திறந்து வைத்தார்கள். பண்ணை ஒரு கம்பெனியாகப் பதிவாகி, மூன்று பங்காளிகள் ஆளுக்கு 400 மணி நேரம் உழைத்தோ அல்லது நிர்வாகம் பார்த்தோ இருந்தால், ஏழரை இலட்சம் டாலர் வரை! ஆண்டு வருமானம் சராசரி 9 இலட்சம் டாலரைத் தாண்டியவனுக்கு உதவி இல்லை என்று இன்னொரு விதி. ஆனால் அந்த வருமானத்தில் முக்கால் பங்கு விவசாயத்திலிருந்து வந்தால் அந்தத் தடையும் இல்லை. அதாவது, பணக்காரனுக்கு இல்லை. பண்ணையிலேயே பணக்காரனானவனுக்கு உண்டு!

அவ்வாண்டு செப்டம்பரில் இரண்டாம் சுற்று வந்தது. தேர்தலுக்கு ஏழு வாரம் இருந்தது என்பதை நான் சொல்லாமல் விட்டாலும் நீங்கள் கணக்கிட்டிருப்பீர்கள். இம்முறை பன்றிக்கு 23 டாலர், மாட்டுக்கு 55 டாலர், பல பயிர்களுக்கு ஏக்கருக்கு 15 டாலர். கோல் மாறவில்லை, கோலில் உள்ள கோடுகள் மட்டும் மாறின. எல்லாச் சுற்றுக்களும் சேர்ந்து ஏறத்தாழ 3,100 கோடி டாலர் ஆயிற்று. 2022-இல் நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் இதை ஆராய்ந்து, உழவர் தாமே எழுதிக் கொடுத்த கணக்கை நம்பியே பெரும்பாலும் பணம் வழங்கப்பட்டது, சரிபார்ப்பு இன்னும் கடுமையாக இருக்க வேண்டும் என்று குறிப்பிட்டது. உழவனை நம்பியது தவறு என்று நான் சொல்லமாட்டேன். நம்புங்கள், ஆனால் எல்லோரையும் நம்புங்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

பன்றிக்குத் தலைக்கு இவ்வளவு என்றோம். அந்தப் பன்றி யாருடையது? இங்கேதான் விஷயத்தின் ஆணிவேர் இருக்கிறது.

நோபிள்ஸ் கவுண்டியைப் போன்ற இடங்களிலே நெடுஞ்சாலையில் செல்பவர் பார்ப்பது நீண்ட நீண்ட பன்றிக் கொட்டில்கள். கொட்டில் உழவனுடையது. நிலம் உழவனுடையது. அதைக் கட்ட வாங்கிய வங்கிக் கடன், ஐயமில்லாமல், உழவனுடையது! ஆனால் உள்ளே இருக்கும் பன்றி பல இடங்களில் அவனுடையது அன்று. குட்டியைக் கம்பெனி கொண்டுவந்து விடும். தீனியைக் கம்பெனி அனுப்பும். வளர்த்துக் கொடுத்ததற்குக் கூலி தரும். பல்லடத்துப் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் தோழர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், அவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொட்டகை நமது, குஞ்சு கம்பெனியுடையது என்ற அதே ஏற்பாடு.

ஆலை மூடியபோது கம்பெனி என்ன செய்தது? புதிய குட்டிகளை அனுப்புவதைக் குறைத்தது. கொட்டில் காலியாயிற்று. கொட்டில் காலியானால் கூலி இல்லை. கடன் தவணை மட்டும் தவறாமல் வந்தது. இவன் பண்ணைச் சேவை அலுவலகத்தை நாடினான் என்று வைத்துக்கொள்வோம். ‘பன்றி உன்னுடையதா?’ — ‘இல்லை.’ — ‘விலை இறங்கினால் நட்டம் உனக்கா?’ — ‘இல்லை, கம்பெனிக்கு.’ — ‘அப்படியானால் உதவியும் உனக்கு இல்லை.’ முதற் சுற்றிலும் இல்லை. இரண்டாஞ் சுற்றிலும் இல்லை. பன்றியின் சொந்தக்காரனுக்கு உண்டு. பன்றிக்குத் தண்ணீர் காட்டியவனுக்கு இல்லை. 2020 டிசம்பர் 27 அன்று கையொப்பமான சட்டம்தான் இவர்களையும் சேர்த்தது. அதற்கான விதிகள் வந்தது 2021 ஆகஸ்டில். முந்திய ஆண்டைவிட எவ்வளவு கூலி குறைந்ததோ அதில் நூற்றுக்கு 80 பங்கு. ஆம்! இழந்ததை அளந்து கொடுக்கும் முறை அவர்களுக்குத் தெரியாததன்று. தெரிந்திருந்தது, கடைசியில் வந்தவனுக்கு மட்டும் அதைக் கையாண்டார்கள்.

இது புதுக் கதையா? அமெரிக்க வரலாற்றிலே பன்றியைக் கொன்று பணம் கொடுத்தது இது முதல்தடவை அன்று. 1933-ஆம் ஆண்டு, பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே, விலையை உயர்த்துவதற்காக அரசாங்கமே அறுபது இலட்சம் பன்றிக் குட்டிகளை விலைக்கு வாங்கிக் கொன்றது. விவசாய அமைச்சராக இருந்தவர் ஹென்றி வாலஸ். நல்லெண்ணம் கொண்டவர்; உழவர் குடும்பத்தில் வந்தவர். அதே ஆண்டு தென் மாநிலங்களிலே ஒரு கோடி ஏக்கர் பருத்தியை, விளைந்து நின்ற பருத்தியை, மடக்கி உழச் சொன்னார்கள். உழுதழித்ததற்குப் பணம் கொடுத்தார்கள். பணம் யார் கைக்குப் போயிற்று? நிலக்காரன் கைக்கு. அவன் தன் வாரக்குடிகளுக்குப் பங்கு தர வேண்டுமென்று ஏட்டிலே எழுதியிருந்தது. ஏடு வாஷிங்டனில் இருந்தது. பணம் நிலக்காரன் பெட்டியில் இருந்தது. பலர் பங்கைத் தரவில்லை. பயிரைக் குறைத்தால் ஆள் எதற்கு என்று குடிகளையே வெளியேற்றினார்கள். 1934 ஜூலையில் ஆர்க்கன்சா மாநிலத்து டைரன்சா என்னும் சிற்றூரில், வெள்ளையர் சிலரும் கறுப்பர் சிலருமாகப் பதினெட்டுப் பேர் ஒரே கூரையின்கீழ் கூடித் தென்னகக் குத்தகை உழவர் சங்கம் கண்டது இதனால்தான். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து உட்கார்ந்தாலே உதை விழும் காலம் அது!

நிறம் என்று சொன்ன பிறகு ஒரு கணக்கைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. 2021 மார்ச்சில் அன்றைய விவசாய அமைச்சர் டாம் வில்சாக் தாமே எடுத்துரைத்தது: இந்தக் கொரோனா உதவியில் அதுவரை வழங்கிய ஏறத்தாழ 2,600 கோடி டாலரில் கறுப்பின உழவர்க்குச் சென்றது 2 கோடியே 8 இலட்சம் டாலர். ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை! யாரும் கறுப்பனுக்குக் கொடுக்காதே என்று விதி எழுதவில்லை. விதி சொன்னதெல்லாம், இருப்பவனுக்கு இருப்பதற்கேற்பக் கொடு என்பதே. நூறாண்டுகளாக நிலத்தைப் பறிகொடுத்தவனிடம் எதை அளப்பது? கடனையாவது தள்ளுவோம் என்று 2021-இல் ஒரு சட்டம் செய்தார்கள்; நீதிமன்றங்கள் தடுத்தன; 2022-இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. பாகுபாட்டால் பாதிக்கப்பட்டோர் என்ற வேறு தலைப்பில் 43,000 பேருக்கு 200 கோடி டாலர் 2024 ஜூலையில் கிடைத்தது. அது தனியொரு கூட்டத்துக்குரிய பொருள். நாம் வொர்திங்டனுக்குத் திரும்புவோம்.

ஆலையின் வாயிலுக்கு! பன்றியின் சொந்தக்காரனைப் பார்த்தோம். கொட்டிலின் சொந்தக்காரனைப் பார்த்தோம். கத்தி பிடித்தவனை இன்னும் பார்க்கவில்லை.

மே 6 அன்று ஆலை மறுபடி இயங்கத் தொடங்கியது. ‘நாட்டுக்கு இன்றியமையாத தொழிலாளி’ என்று பட்டம் சூட்டி அவனை உள்ளே அழைத்தார்கள். முகத்துக்குத் துணி, இடையிலே ஒரு தடுப்புத் தட்டி. நாடு முழுவதும், ஐந்து பெரிய இறைச்சி நிறுவனங்களில் மட்டும், முதல் ஓராண்டுக்குள் குறைந்தது 59,000 தொழிலாளர் நோயுற்றனர். 269 பேர் மாண்டனர். இது நாடாளுமன்றக் குழுவொன்று 2021-இல் வெளியிட்ட கணக்கு.

உழவனுக்குப் பன்றித் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்த அரசாங்கம், இவன் தலைக்கு என்ன கொடுத்தது? எல்லாக் குடிமக்களுக்கும் கொடுத்த 1,200 டாலர் காசோலை இவனுக்கும் உண்டு. உண்டா? கணவன் மனைவி இருவரும் சேர்ந்து வரிக் கணக்குத் தாக்கல் செய்து, இருவரில் ஒருவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லை என்றால், எண் உள்ளவருக்கும் இல்லை என்று முதலில் விதித்தார்கள். குடியேறிகள் நிறைந்த ஆலை ஊர்களிலே அந்த விதி எத்தனை வீட்டின் அடுப்பைத் தொட்டிருக்கும்! அவ்வாண்டு டிசம்பரில்தான் அதைத் திருத்தினார்கள்.

மின்னசோட்டா மாநில அரசு தன் பங்குக்கு ஒன்று செய்தது. அதையும் சொல்வதுதான் நேர்மை. நோய்க்காலத்தில் வீட்டில் இருக்க முடியாமல் வெளியே சென்று உழைத்தவர்களுக்கு ஊக்கத்தொகை என்று 50 கோடி டாலரை 2022-இல் ஒதுக்கியது. மருத்துவமனைத் தாதியர், பேருந்து ஓட்டுநர், கடைச் சிப்பந்தி, இறைச்சி ஆலைத் தொழிலாளி எல்லோரும் மனுச் செய்யலாம். குறைந்தது 120 மணி நேரம் நேரில் சென்று வேலை செய்ததாகக் காட்ட வேண்டும். வருமான வரம்பு உண்டு. வேறு நிபந்தனைகளும் உண்டு. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தகுதி பெற்றார்கள். ஐம்பது கோடியைப் பத்து இலட்சத்தால் வகுத்தார்கள். ஆளுக்கு 487 டாலர்!

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், தோழர்களே. பன்றிக்கு முதலில் தலைவீதம் நிர்ணயித்தார்கள். பிறகு தலைகளை எண்ணினார்கள். எண்ண எண்ண மொத்தம் வளர்ந்தது. 1,600 கோடி என்று தொடங்கியது 3,100 கோடியில் போய் நின்றது. முதற் சுற்றில் பணம் பற்றாமற் போகுமோ என்று நூற்றுக்கு 80 வீதமே முதலில் கொடுத்தார்கள், பற்றியது, எஞ்சிய 20-ஐயும் கொடுத்தார்கள். மனிதனுக்கோ முதலில் மொத்தத்தை நிர்ணயித்தார்கள். பிறகு தலைகளை எண்ணினார்கள். எண்ண எண்ணத் தலைவீதம் தேய்ந்தது. பங்காளியின் 400 மணி நேர நிர்வாகத்துக்கு உச்சவரம்பு உயர்ந்தது. தொழிலாளியின் 120 மணி நேரத்துக்கு அவனை உள்ளே விட்டார்கள், அவ்வளவுதான்.

இருவரையும் மோத விடுவதா என் நோக்கம்? அல்லவே அல்ல. வொர்திங்டனைச் சுற்றியுள்ள உழவனும், ஆலைக்குள் நின்ற தொழிலாளியும் ஒரே நாளில், ஒரே கதவு சாத்தியதால் வீழ்ந்தவர்கள். தொழிலாளியை இரண்டு கெஜம் தள்ளி நிறுத்தியிருந்தால், நோயுற்றவனுக்குச் சம்பளத்தோடு விடுப்பு என்று முதல் நாளே சொல்லியிருந்தால், ஆலை அத்தனை வேகமாக முடங்கியிராது. பன்றி எருக்குழிக்குப் போயிராது. அந்த ஆலைக்குள் செலவிட்டிருக்க வேண்டிய காசைத்தான் பின்னர் கொட்டிலுக்கு வெளியே கோடிக் கணக்கில் கொட்டினார்கள்.

உழவனுக்கும் தொழிலாளிக்கும் இடையே ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஒவ்வொரு கவுண்டியிலும் பண்ணைச் சேவை அலுவலகத்துக்கு ஒரு குழு இருக்கிறது. மூன்று பேர் முதல் பதினொருவர் வரை. உழவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர்கள். 1930-களிலே பிறந்த ஏற்பாடு. வாஷிங்டன் வீதத்தை வகுத்தாலும், விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு போனால் தெரிந்த முகம் இருக்கும். தவறு நேர்ந்தால் முறையிட இடம் இருக்கும். தன் பன்றியை எண்ணி உழவன் எழுதிக் கொடுத்தால் நம்பும் அலுவலகம் அது. கத்தி பிடித்தவனுக்கு அப்படி ஓர் அலுவலகம் அந்தக் கவுண்டியில் இல்லை. அவனுக்கு இருந்தது அவனுடைய சங்கம் ஒன்றே.

கடைசியில் அந்தச் சங்கத்தின் வழியாகவே ஒன்று வந்தது. பண்ணைத் தொழிலாளருக்கும் இறைச்சித் தொழிலாளருக்கும் நோய்க்காலச் செலவை ஈடுசெய்ய ஆளுக்கு 600 டாலர் தருவதென்று விவசாயத் துறை 2021 செப்டம்பரில் அறிவித்தது. நேராகக் கொடுக்கவில்லை, தொண்டு நிறுவனங்களின் மூலமாக. 2022 அக்டோபரில் நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இறைச்சித் தொழிலாளர் சங்கத்தின் அறக்கட்டளையும் அவற்றில் ஒன்று. தொழிலாளி, தான் அங்கே வேலை செய்ததற்குச் சான்று காட்ட வேண்டும். சம்பளச் சீட்டு, அடையாளச் சீட்டு, ஏதாவது ஒன்று. பணம் தொழிலாளர் கைக்கு வந்து சேரத் தொடங்கியது 2023-இல்.

ஆறு மாதத்துக்கு ஒரு தொகுதி என்று கணக்கிட்டால், அதற்குள் ஐந்தாறு தலைமுறைப் பன்றிகள் வொர்திங்டன் ஆலையின் வாயிலைக் கடந்திருக்கும்.

நேரம் ஆகிறது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நிவாரணத்துக்கான மனு நாளை உங்கள் கைக்கு வந்தால், அதில் முதற் கேள்வி என்ன என்று பாருங்கள். நில உரிமை எண் கேட்டிருந்தால், பக்கத்தில் நிற்கும் குத்தகைக்காரரிடமும் கூலிக்காரரிடமும் அந்த மனுவை ஒருமுறை கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் எழுதி நிரப்ப அதில் ஒரு கட்டமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்குப் பின்னர் பேச இருப்பவர் குத்தகைக்காரர் சங்கத்துத் தோழர்; அவர் சொல்வார். நான் விடைபெறுகிறேன்.